பேரை மட்டும் தந்தால் போதுமா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, ஆறுதலாக இருந்து வாசியுங்கள். நாளை நள்ளிரவோடு பிரசாரம் முடிகிறது. வரும் செவ்வாய்க்கிழமை, 2025 மே 6ஆம் திகதி, உள்ளூராட்சித் தேர்தல். அதற்கு முன் மனதில் கிடப்பதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்டு இதை எழுதவில்லை, எந்தக் கட்சியையும் ஏசவும் இல்லை.

கதை நோன்பு மாதத்தில் தொடங்கியது. மார்ச் 17 முதல் 20 வரை வேட்புமனுக் கொடுக்கும் நாட்கள் என்று அறிவித்திருந்தார்கள் அல்லவா? அதற்கு இரண்டு நாள் முன்பு, தராவீஹ் முடிந்து கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் எங்கள் ஆள், தெரிந்த குடும்பம். மற்ற இருவரும் கட்சிக்காரர். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. அந்த நாட்களில் எல்லாக் கட்சியும் இப்படித்தான் பெண்களின் பெயரைத் தேடி அலைந்தன என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முதலில் என்னைக் கேட்டார்கள். நான் அரச ஊழியர் என்றதும் தங்கச்சியைப் பார்த்தார்கள். அவள் வீட்டில் இருந்து தையல் வேலை செய்கிறாள், ஓ.எல். வரை படித்தவள்.

"உங்கட பேர மட்டும் தாங்க தங்கச்சி. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஒரு கையெழுத்து. மிச்சத்த நாங்க பாத்துக்கொள்ளுவம். கூட்டத்துக்கெல்லாம் நீங்க வரத் தேவையில்ல."

தங்கச்சி கதவுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டாள்: "வெண்டா நான் அங்க போய் என்ன செய்யணும்?"

மூன்று பேரும் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு எங்கள் ஆள் சிரித்தபடி சொன்னார்: "நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல. அதுதானே சொல்றம்."

தங்கச்சி பேர் கொடுக்கவில்லை. அவர்கள் கஞ்சி குடித்துவிட்டு, குறை ஒன்றும் நினைக்காமல் போனார்கள். ஆனால் அன்று சஹருக்கு எழும்பியபோது அவள் என்னிடம் கேட்டாள்: "ராத்தா, மெய்யாவே அந்தச் சபையில என்ன செய்வாங்க?"

நான் தரம் 9க்குக் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறேன். உள்ளூராட்சி மன்றங்கள் மூன்று வகைப்படும்: மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. யாழ். மாவட்டத்தில் மொத்தம் 17. ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள். பொதுச் சுகாதாரம், பொது வழிகள், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் அவற்றின் கடமை. இதை நித்திரையிலும் ஒப்புவிப்பேன். ஆனால் எங்கள் வட்டாரத்தில் வெல்லும் ஒருவர் மறுநாள் காலை எழும்பி என்ன வேலைக்குப் போவார் என்று கேட்டால், எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "நோன்பு முடியட்டும், சொல்றன்" என்று சமாளித்தேன். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தப் பதிவு.

இனி எங்கள் வாய்க்கால் கதை.

போன வருடம் நவம்பர் கடைசியில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம். குசினிக்குள் தண்ணீர். சுபஹுக்கு வுழூச் செய்யப் போன உம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆறு கிழமை மாவுக்கட்டு. பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியால் சாப்பிட்ட உம்மாவைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம் ஏறியது.

அந்தக் கோபத்தோடு கிராம சேவகரிடம் போனேன். அவர் வெள்ள நிவாரணத்துக்குப் பெயர் எழுதினார். வாய்க்கால் தன் வேலை இல்லை என்றார். பிரதேச செயலகத்துக்குப் போனேன். அவர்களும் மரியாதையாகக் கேட்டுவிட்டு அதையே சொன்னார்கள். பிறகு ஒரு பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் வேறு!

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, சபையொன்றில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணை இருக்கிறார். உம்மாவைப் பார்க்க வந்தவரிடம் என் அலைச்சலைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கொப்பித் தாள் கேட்டார்.

"டீச்சர், நீங்கள் தட்டின கதவெல்லாம் பிழையான கதவு. முதல் ஆருக்கு எது சொந்தம் எண்டு பாப்பம்" என்று சொல்லி எழுதத் தொடங்கினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளதை என் வார்த்தையில் தருகிறேன்.

பெரிய வீதிகள், அதாவது ஏ, பி வகை வீதிகள், வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. கொழும்பின் கீழ் வருபவை. சி, டி வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. மிச்சமுள்ள சின்ன வீதி, ஒழுங்கை, குச்சொழுங்கை, அவற்றின் வாய்க்கால் எல்லாம் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு.

மின்கம்பம் மின்சார சபையுடையது. அதில் தொங்குகிற தெருவிளக்கு உள்ளூராட்சி சபையுடையது.

அஸ்வெசும, நிவாரணம், காணி அனுமதிப்பத்திரம் எல்லாம் பிரதேச செயலகம். பாடசாலை, ஆஸ்பத்திரி மாகாணமும் மத்திய அரசும். பொலிஸ் மத்திய அரசு.

குப்பை அள்ளுவது, சந்தை, மீன் சந்தை, இறைச்சிக் கடைகளைக் குத்தகைக்கு விடுவது, விளையாட்டு மைதானம், பூங்கா, வாசிகசாலை, பொது மயானம், கட்டட அனுமதி, வியாபார உரிமம், சோலைவரி: இவ்வளவும் சபை. யாழ்ப்பாணப் பொதுநூலகம் மாநகர சபையின் நூலகம்தான். 1981இல் எரிந்ததும் மாநகர சபையின் சொத்துத்தான். அதை நினைத்துக் கண்ணீர் விடுகிற நாம், அதை இன்றைக்கு நடத்துகிற சபைக்கு யாரை அனுப்புகிறோம் என்று யோசிப்பது குறைவு.

திரும்பி வந்த எங்கள் சனத்துக்கு இதில் இரண்டு விசயம் உயிர் போல. ஒன்று கட்டட அனுமதி. மற்றது சோலைவரி. அப்பாவின் பேரிலும் அப்பாவின் வாப்பாவின் பேரிலும் கிடக்கும் வரிப் பதிவை மாற்ற அலைந்தவர்கள் எத்தனை பேர்? அந்தத் துண்டுக்காக நாம் ஏறி இறங்குவது பாராளுமன்றத்தில் இல்லை, சபையின் வருமானப் பகுதியில்.

சரி, எங்கள் வாய்க்கால் யாருடையது? ஒழுங்கை வாய்க்கால் சபையுடையது. அது போய்ச் சேரும் பெரிய வாய்க்கால், பெரிய வீதியோரம் இருப்பதால், வேறு திணைக்களத்துடையது. அடைத்துக் கிடந்தது இரண்டும் சந்திக்கிற மதகு.

"இதுக்குத்தான் டீச்சர் உறுப்பினர்" என்றார் அண்ணை. "சட்டத்தில அவருக்கு மண்வெட்டி குடுக்கேல்ல. காசோலையில கையெழுத்துப் போடுற அதிகாரமும் இல்ல. ஆனா ரண்டு கந்தோரையும் ஒரே மதகில கொண்டுவந்து நிப்பாட்டுற வாய் அவருக்கு இருக்கு. நீங்கள் கேட்டா அது முறைப்பாடு. அவர் சபையில எழும்பிக் கேட்டா அது கூட்டறிக்கையில ஏறும். ஏறினதுக்கு ஆரோ ஒராள் பதில் சொல்ல வேணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்த நேரம் எங்களுக்கு உறுப்பினரே இல்லை! 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகள் 2023 மார்ச் 19ஆம் திகதியோடு கலைந்தன. 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய தேர்தல், காசில்லை என்று தள்ளிப்போனது. அப்படித் தள்ளிப்போட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு வருடத்துக்கு மேலாக நாட்டின் பெரும்பாலான சபைகளை அதிகாரிகள்தான் நடத்தினார்கள்.

இதை வைத்து ஒரு வாதம் எங்கள் தெருவிலும் ஓடுகிறது. "ரண்டு வருசம் மெம்பர்மார் இல்ல. குப்பை வண்டி வந்ததுதானே? லைற் எரிஞ்சதுதானே? பிறகு ஏன் இந்தச் செலவு?" நியாயமான கேள்வி. அதிகாரிகள் நாளாந்த வேலையைச் செய்தார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எந்த ஒழுங்கைக்கு இந்த வருடம் காசு, எதற்கு அடுத்த வருடம் என்ற முடிவை எடுக்கும் இடத்தில், எங்கள் ஒழுங்கையின் பேரைத் தெரிந்த ஒரு ஆள் இருக்கவில்லை. அதிகாரியை நாம் வாக்குப் போட்டு அனுப்பவில்லை. ஐந்து வருடம் கழித்து அவர் நம் படலைக்கு வந்து நிற்கப் போவதும் இல்லை.

மதகுக் கதையை முடித்துவிடுகிறேன். அண்ணை சொன்னபடி இரண்டு இடத்துக்கும் ஒரே கடிதத்தை, ஒன்றின் பிரதி மற்றதற்கு என்று குறிப்பிட்டு, ஒழுங்கைச் சனம் பதினெட்டுப் பேரின் கையெழுத்தோடு அனுப்பினோம். சில கிழமையில் ஆட்கள் வந்து மதகின் மூடியைத் தூக்கினார்கள். உள்ளே இருந்து வந்தது என்ன தெரியுமா? பிள்ளைகளின் பம்பர்ஸ், லஞ்ச் சீற், தண்ணீர்ப் போத்தல், ஒரு பழைய தலையணை. அந்தத் தலையணை உறையை நான் அடையாளம் கண்டேன். தங்கச்சி தைத்தது. உம்மாவின் கை உடைந்ததில் எங்கள் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

இப்போது தங்கச்சியின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். உறுப்பினர் மூன்று வேலை செய்கிறார். ஒன்று, வட்டாரத்தின் குறையைச் சபைக்குக் கொண்டுபோய்ப் பதிவில் ஏற்றுவது. இரண்டு, நிதி, சுகாதாரம், வேலைப்பகுதி போன்ற குழுக்களில் இருந்து கணக்கைப் பார்ப்பது. மூன்று, கை உயர்த்துவது. மூன்றாவதுதான் பெரிது, அதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை.

2018இல் யாழ். மாநகர சபையில் நடந்ததைப் பாருங்கள். மொத்தம் 45 உறுப்பினர்கள். ஆகக் கூடுதலாக எடுத்த தமிழரசுக் கட்சிக்கு 16. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஒரு கட்சிக்கு அரைவாசிக்கு மேல் ஆசனம் கிடைத்தால் அந்தக் கட்சி முதல்வரைப் பெயரிடும். இல்லாவிட்டால் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவார்கள். அப்படித்தான் இம்மானுவேல் ஆர்னல்ட் முதல்வரானார். முதல்வரின் பாதீடு இரண்டு தடவை தோற்றால் அவர் பதவி போய்விடும். 2020 டிசம்பரில் அதுதான் நடந்தது. பிறகு விசுவலிங்கம் மணிவண்ணன் 21க்கு 20 என்று ஒரேயொரு வாக்கால் முதல்வரானார். 2023இல் திரும்பவும் ஆர்னல்ட் வந்தார், திரும்பவும் பாதீடு தோற்றது.

யார் சரி, யார் பிழை என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: 21க்கு 20. ஒரு வட்டாரத்து உறுப்பினர் கையை மாற்றி உயர்த்தியிருந்தால் நகரத்தின் முதல்வரே வேறு ஆள். பாதீடு என்பது எங்கள் ஒழுங்கை, எங்கள் வாசிகசாலை, எங்கள் மைதானம். அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ கை உயர்த்தியவர்களில் எத்தனை பேர் வட்டாரத்துக்கு வந்து காரணம் சொன்னார்கள்? அதைவிட, எத்தனை பேர் நாம் போய்க் கேட்டோம்? நான் கேட்கவில்லை. எங்கள் உறுப்பினர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்தது புள்ளடி. இதில் குழம்பாதவர்கள் குறைவு, அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன்.

வாக்குச் சீட்டில் கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் பேரும் சின்னமும்தான் இருக்கும். வேட்பாளரின் பேர் இருக்காது. விருப்பு வாக்கும் கிடையாது. ஒரே ஒரு புள்ளடி. ஆகவே உங்கள் வட்டாரத்தில் எந்தச் சின்னத்துக்கு யார் நிற்கிறார் என்பதை வீட்டிலேயே தெரிந்துகொண்டு போக வேண்டும். சாவடிக்குள் போய்த் தேடினால் கிடைக்காது.

அந்த ஒரு புள்ளடி இரண்டு வேலை செய்யும். முதலாவது, வட்டாரத்தில் யார் வெல்வது என்று தீர்மானிக்கும். ஏறத்தாழ 60 வீதமான ஆசனங்கள் அப்படித்தான் நிரம்பும், யாழ். மாநகர சபையில் 27 வட்டாரங்கள். இரண்டாவது, சபை முழுவதிலும் அந்தக் கட்சி எடுத்த மொத்த வாக்கோடு சேரும். மிச்ச 40 வீதம் அதை வைத்துப் பட்டியலிலிருந்து நிரம்பும்.

வகுப்பில் சொல்வது போல ஒரு கணக்கு. ஒரு சபையில் 45 ஆசனம், செல்லுபடியான வாக்கு 27,000 என்று வைப்போம். வகுத்தால் 600. ஒரு கட்சி 6,000 வாக்கு எடுத்தால் அதன் பங்கு 10 ஆசனம். வட்டாரங்களில் அது 4 வென்றிருந்தால் பட்டியலிலிருந்து 6 பேர் போவார்கள். வட்டாரத்தில் ஒன்றுமே வெல்லாவிட்டால் பத்துப் பேரும் பட்டியலிலிருந்து. ஆகவே "அவர் எப்படியும் தோப்பார், வாக்கு வீண்" என்ற கதை இந்த முறையில் சரியில்லை.

ஆனால் இதற்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. பட்டியலில் இருந்து யார் போவது என்பதைத் தேர்தல் முடிந்த பிறகு கட்சிதான் முடிவு செய்யும். நாம் இல்லை. பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டமும் பெரும்பாலும் இந்தப் பட்டியல் வழியாகத்தான் நிறைவேறுகிறது. வட்டார வேட்பாளர்களில் பத்து வீதம் பெண்கள் இருந்தால் போதும். மேலதிகப் பட்டியலில் அரைவாசி பெண்கள் இருக்க வேண்டும். தங்கச்சியின் பேரை அந்த இரவு ஏன் கேட்டு வந்தார்கள் என்பது இப்போது விளங்குகிறதா? நல்ல சட்டம். இந்தச் சட்டம் இல்லாவிட்டால் சபைகளில் பெண்களின் குரலே கேட்காது. ஆனால் "பேரை மட்டும் தாங்க" என்று கேட்டால், அந்த நாற்காலியில் பேர்தான் போய் இருக்கும், ஆள் இருக்காது.

இனி எங்கள் தெருவில் ஓடும் மூன்று வாதங்கள். மூன்றும் எங்கள் வீட்டு மேசையிலும் ஓடின.

மாமா சொல்கிறார்: "நம்மட ஆள் ஒருத்தர் உள்ளுக்க இருக்கணும்." மாமாவை நான் எதிர்த்துப் பேச மாட்டேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர் அவர். நான் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிறந்தவள். எனக்கு அந்த நாள் கேள்விப்பட்ட கதை, அவருக்கு அது காலில் ஒட்டிய மண். 1983க்குப் பிறகு 1998 வரை யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தலே நடக்கவில்லை என்பதையும், 1950களில் எம்.எம். சுல்தான் அவர்கள் இந்த மாநகரத்தின் முதல்வராக இருந்தார் என்பதையும் சொல்லித் தந்தவரும் மாமாதான். தமிழர் பெரும்பான்மையாக இருந்த சபையில் ஒரு முஸ்லிம் முதல்வர்! அந்தக் காலம் இருந்தது என்பதே எனக்குத் தெம்பு.

ஆகவே நம்மவர் ஒருவர் வேண்டும் என்பதில் நானும் மாமா பக்கம்தான். நான் மாமாவிடம் கேட்டது வேறு: "அவர் வட்டாரத்தில் நிற்கிறாரா, பட்டியலில் இருக்கிறாரா? பட்டியல் என்றால், அவருக்குத்தான் ஆசனம் என்று யார், யாருக்கு முன்னால் வாக்குக் கொடுத்தார்? போன தடவை இருந்தவரென்றால், எத்தனை கூட்டத்துக்குப் போனார்? நம்மட மையவாடிக்கு வெளியே விளக்கில்லை என்று எழும்பிப் பேசினாரா?" மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டுப் பாக்கிறன்" என்றார். மாமா அப்படிச் சொல்வது லேசான விசயம் இல்லை.

இரண்டாவது வாதம் என் தம்பியுடையது. "ஆட்சியில இருக்கிற கட்சிக்குக் குடுத்தாத்தான் காசு வரும்." போன நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தபோது, இந்த எண்ணமும் அதில் ஒரு பங்கு. நான் தம்பிக்குச் சொன்னது: சபைக்குச் சொந்த வருமானம் இருக்கிறது. சோலைவரி, உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை எல்லாம் நம் காசு. கொழும்பிலிருந்து வருவதும் ஒரு கட்சியின் காசு இல்லை, நாம் கட்டும் வரி. கட்சி பார்த்துத்தான் தருவோம் என்றால் அதைக் கேள்வி கேட்க வேண்டுமே தவிர, பயந்து வாக்குப் போடக்கூடாது. அந்தக் கட்சியின் வட்டார வேட்பாளர் திறமையான ஆள் என்று நினைத்தால் அதற்காகப் போடு, அது சரியான காரணம்.

மூன்றாவது, என்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியர் சொன்னது: "தமிழ்த் தேசியத்தைக் காப்பாற்ற வேண்டிய தேர்தல் இது." அவர் மனதில் இருக்கும் காயத்தை மதிக்கிறேன். எங்களுக்கும் காயம் இருக்கிறது, அவருக்கும் அது தெரியும். அவரிடமும் ஒன்றைத்தான் கேட்டேன்: "சேர், உங்கட வட்டாரத்தில் அந்தக் கட்சிக்காக நிற்கிறவரின் பேர் என்ன?" அவருக்குத் தெரியவில்லை. இருவரும் சிரித்துவிட்டோம். பக்கத்தில் நின்ற டீச்சருக்கும் தன் வட்டாரத்தில் நிற்பவர்களைத் தெரியவில்லை. படிப்பிக்கிற நாங்களே இப்படி!

நம்மவர், காசு, தேசியம் என்ற மூன்று காரணங்களையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் மூன்றிலும் அந்தச் சபையின் வேலை இல்லை. மதகும் இல்லை, பாதீடும் இல்லை. நாமே வேலையைக் கேட்காவிட்டால், "பேரை மட்டும் தாங்க" என்று வருகிறவர்களை எப்படிக் குறை சொல்வது? அவர்கள் பேரை மட்டும் கேட்கிறார்கள். நாமும் பேரை மட்டும் பார்த்துத்தான் வாக்களிக்கிறோம்.

இந்தக் கிழமை எங்கள் படலைக்கு வந்த வேட்பாளர்கள் எல்லோரிடமும் நான்கு கேள்வி கேட்டேன். நீங்களும் கேட்கலாம், நாளை இரவு வரை நேரம் இருக்கிறது.

ஒன்று: எங்கள் ஒழுங்கை எந்தச் சபைக்கு, எந்தத் திணைக்களத்துக்குரியது? தெரியாவிட்டால் குற்றமில்லை. "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் அழைப்பு எடுக்கிறாரா என்று பாருங்கள். ஒருவர் எடுத்தார்.

இரண்டு: யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் முதல்வர் தெரிவிலும் பாதீட்டிலும் எதை வைத்து முடிவெடுப்பீர்கள்? "கட்சி சொன்னபடி" என்று சொன்னால் அதுவும் ஒரு நேர்மையான பதில்தான். அப்போது நாம் வாக்களிப்பது ஆளுக்கு இல்லை, கட்சிக்கு என்று தெளிவாகிவிடும்.

மூன்று: அஸ்வெசும எடுத்துத் தருவேன், வேலை எடுத்துத் தருவேன் என்கிறாரா? அப்படியென்றால் அவருக்குத் தன் வேலை தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

நான்கு: வென்ற பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வட்டாரத்துச் சனத்தை, பெண்களையும் சேர்த்து, ஓரிடத்தில் கூட்டுவீர்களா? கேரளாவில் ஒவ்வொரு வட்டாரத்திலும் கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே வாசிகசாலையில், பாலர் பாடசாலையில் கூட்டலாம், செலவே இல்லை.

தேர்தலுக்குப் பிறகும் நமக்கு வேலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளுக்கும் பொருந்தும். நம் ஒழுங்கைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, கூட்டறிக்கையில் என்ன இருக்கிறது என்று யாரும் விண்ணப்பித்துக் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். எங்கள் உறுப்பினர் எந்தப் பக்கம் கை உயர்த்தினார் என்று தெரியாது என்றேனே, அடுத்த பாதீட்டுக்குப் பிறகு இந்த வழியால்தான் கேட்கப் போகிறேன். இன்ஷா அல்லாஹ், தரம் 9 பிள்ளைகளோடு சேர்ந்து அந்த விண்ணப்பத்தை எழுதுவேன். புத்தகத்தில் இல்லாத பாடம் அது.

நான் யாருக்கு வாக்களிப்பேன் என்று முடிவெடுத்துவிட்டேன். சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. எப்படி எடுத்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். முதலில் வட்டார வேட்பாளரைப் பார்த்தேன்: கூப்பிட்டால் வருகிற ஆளா, எழும்பிப் பேசுகிற ஆளா. அதில் இருவர் மிஞ்சினார்கள். பிறகு அந்த இரண்டு கட்சியின் பட்டியலையும் பார்த்தேன்; அதிலுள்ள பெண்களில் யாராவது வீடு வீடாக வந்தார்களா என்று. ஒரு பட்டியலில் இருந்த ஒரு பெண் வந்திருந்தார். எங்கள் சமூகம் இல்லை. சந்தையில் மரக்கறி விற்பவர். சந்தைக் கழிவறையைப் பற்றி உம்மாவிடம் கால் மணித்தியாலம் பேசினார். தன் வேலை என்ன என்று யாரும் சொல்லாமலே தெரிந்த ஆள். அவருக்கு ஆசனம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது, அதைக் கட்சிதான் முடிவு செய்யும். ஆனாலும் என் புள்ளடி அங்கேதான் போகிறது.

உம்மா தன் முடிவைத் தானே எடுத்துவிட்டார். மாவுக்கட்டு அவிழ்த்த கையால் வாக்காளர் அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, "காலையில ஏழு மணிக்கே போயிடுவம், வெயிலுக்கு முந்தி" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "அது அமானிதம். உனக்கென்ன?" என்றார்.

தங்கச்சி மட்டும் இன்னும் யோசிக்கிறாள். நேற்று இரவு தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள்: "ராத்தா, அடுத்த முறை ஆராவது வந்து பேர் கேட்டா, வட்டாரத்தில நிக்க விடுவீங்களா எண்டு கேக்கப் போறன்."

யா அல்லாஹ், எங்கள் ஊருக்கு உழைக்கிறவர்களை எங்களுக்குத் தெரிவாக்கித் தருவாயாக. அவர்களிடம் கேள்வி கேட்கும் தைரியத்தை எங்களுக்கும் தருவாயாக. ஆமீன்.

செவ்வாய்க்கிழமை, காலை 7 முதல் மாலை 4 வரை. மறந்துவிடாதீர்கள். வாய்க்காலுக்குள் குப்பையும் போடாதீர்கள்.